மூன்றாவது துளை

புந்தா அரேனாஸ் காற்றுக்கு வெட்கம் கிடையாது.
மூடி வைத்ததையெல்லாம் திறந்து பார்க்கும்.
அதற்கு வெறி ஏறும் நாட்களில்
சதுக்கத்து முனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.
எனக்கு இருப்பது இரண்டு கை.
ஒன்று கயிற்றுக்கு.
இன்னொன்று வகிட்டுக்கு.

முதலில் அது வகிடாகத்தான் இருந்தது.
பிறகு ஒற்றையடிப் பாதை.
மார்ச் மாதம், படகுத்துறைச் சீட்டறையில்
குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது
வரிசையில் நின்ற குழந்தை சொன்னது:
"அம்மா, இவங்க தலை உள்ளே தெரியுது."
பொர்வெனீருக்குப் பெரியவர் ஒன்று, சிறியவர் ஒன்று.
கிழித்துக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறையும் சரியாகவே கொடுத்தேன்.

அன்றிரவே வாங்கிவிட்டேன், பன்னிரண்டு தவணையில்.
சந்தியாகோவிலிருந்து வந்துசேரப் பதினெட்டு நாள்.
வெளியே கறுப்புத் தொப்பி.
கவிழ்த்துப் பார்த்தால்
மாதுளையைப் பிளந்த மாதிரி
நெருக்கியடித்துக்கொண்டு சிவப்பு விளக்குகள்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம்.
கையேட்டில் 'பொறுமை' நான்கு இடத்தில் இருந்தது,
'நிச்சயம்' ஓரிடத்திலும் இல்லை.
அந்த நேர்மை பிடித்துப்போய்த்தான்
திருப்பி அனுப்பவில்லை.

"தலைக்கு மேல் வேலை இருக்கிறது" என்று மகனிடம் சொல்லிவிட்டுக்
குளியலறையைத் தாழிடுவேன்.
பொய்யில்லையே.
முடி போனவளுக்கு முடிசூட்டு விழா;
கழிப்பறை மூடியே அரியணை.
சுடாது, மணக்காது, முனகாது.
கண்ணாடியில் என் காது விளிம்பு மட்டும்
கங்கு போல் தெரியும்.
ஒருநாள் பதினோராம் நிமிடத்தில் காற்று
எங்கோ கம்பியை அறுத்தது.
ஊரே இருண்டது. தொப்பிக்கு உள்ளேயே மின்கலம்.
மிச்ச ஒன்பது நிமிடமும்
மகெல்லன் நீரிணைக்குக் கலங்கரை விளக்கம்
நான்தான்.

மாதம் ஒரு படம். அதே விளக்கு, அதே குனிவு.
ஏப்ரலையும் மேயையும் அருகருகே வைத்தால்
காலையில் கூடியது போல் இருக்கும்,
மாலையில் குறைந்தது போல்.
வடிகால் சல்லடையில் விழுந்ததை எண்ணினேன்:
நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு. முப்பத்தெட்டு.
ஜூலையில் எண்ணுவதை விட்டேன்.

ஜூலையில்தான் பட்டையைக் கவனித்தேன்.
என் தலைக்கு ஐந்தாவது துளை.
மூன்றாவதில் மாட்டியிருந்தது.
உள்ளே ஒட்டியிருந்தது ஒரு முடி.
குட்டை. செம்பட்டை.
என்னுடையது நீளம், பாதி நரை.
இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

ஸ்வோனிமிருக்கு இருபத்தொன்று.
சாப்பிடும்போதும் கழற்றாத கம்பளிக் குல்லாய்க்காக
எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!
குளிருகிறது என்பான்,
கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு,
வியர்த்துக்கொண்டு.

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.
"உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு" என்று வந்தது.

அதற்குப் பிறகு நான் துளையை மாற்றவில்லை.
மூன்றாவதிலேயே போட்டுக்கொண்டேன்.
நெற்றிக்குச் சரியும்; பிடித்துக்கொள்வேன்.
முடிந்ததும் மின்னேற்றி
அலமாரியின் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும்படி வைப்பேன்.
ஒற்றைத் தேதிகள் எனக்கு.
இரட்டைத் தேதிகளில்
அவன் அறைக் கதவடியில் ஒரு சிவப்புக் கோடு,
என் பழைய வகிடு அளவுக்கு மெல்லியதாய்.
யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் எடுத்தபோது
பட்டை ஐந்தாவது துளையில் இருந்தது.
உட்புறம் ஈரத்துணியால் துடைத்திருந்தது.
நெடுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்,
பொத்தானை அழுத்தாமல்.

வளர்ந்ததா?
நெற்றியோரம் பூனைமயிர் போல் ஏதோ இருக்கிறது.
முன்பே இருந்ததோ என்னவோ.
தவணை இன்னும் ஐந்து பாக்கி.

இன்று காலை கயிறு கட்டியிருந்தார்கள்.
துறைவரைக்கும் வருகிறேன் என்றான், காரணம் சொல்லவில்லை.
முனையில் நின்று குல்லாயைக் கழற்றிக்
கால்சட்டைப் பைக்குள் திணித்தான்.
காற்று அவன் நெற்றியை மேலே மேலே எழுதிக்கொண்டு போயிற்று.
நான் பார்க்கவில்லை.
எனக்குக் கயிறு பிடிக்கும் வேலை இருந்தது,
இரண்டு கையாலும்.